பொரண்டு படுத்த ஊரு

ஒரு ஊருலன்னு ஆரம்பிக்கத்தான் ஆச. ஆனா இந்தக் கதையில வர்ற ஊரு ஒரு எடத்துல நின்னாத்தானே? அதனால ஒரு ரோட்டுலன்னு ஆரம்பிப்போம். ரோட்டுக்கு இங்கிட்டு ஒரு மொட்ட மல, அங்கிட்டு ஒரு மொட்ட மல, ரெண்டுக்கும் நடுவுல முழங்கால் ஒசரத்துக்குச் சாம்பக் கலர்ல ஒரே செடி, செடிக்கு நடுவுல நூல் பிடிச்ச மாதிரி ரோடு, ரோட்டுல ஒரு வெள்ளிக் கலர் காரு, காருக்குள்ள ஒரு புருசன், ஒரு பொண்டாட்டி, ஒரு சண்ட.

புருசன் பேரு ஆவுடையப்பன், சேக்ரமெண்டோல தண்ணிக் குழாய் எஞ்சினியர். பொண்டாட்டி பேரு செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி, கழுத்துல தாலி ஏறின கையோட கலிபோர்னியாவுக்கு விமானம் ஏறினவ. ஒத்த மக காலேஜுக்குன்னு நாட்டோட அந்தக் கோடிக்குப் போயிட்டா, வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பாத்துப் பாக்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லாமப் போயி, லீவப் போட்டுட்டுக் கெளம்பிட்டாங்க.

"எல்லாப் பயலும் அந்தப் பெரிய பள்ளத்தப் பாக்கப் போறான். எல்லாரும் பாத்த பள்ளத்த நாம எதுக்குட்டி பாக்கணும்? ஒருத்தனும் போகாத ஊராப் பாத்துப் போவோம்"னாரு ஆவுடையப்பன்.

"ஒருத்தனும் போகாத ஊருக்கு ஒருத்தனும் போகாததுக்கு ஒரு காரணம் இருக்கும்லங்க?"

"அந்தக் காரணத்தத்தான் பாத்துட்டு வருவோம்."

அப்படிப் போனாங்க. நெவாடாவுக்குள்ள நொழஞ்சு, ஒரு போஸ்டாபீசு ஒரு சாராயக்கட ஒரு நாய் இவ்வளவுதான் மொத்தமும்ங்கிற ஊரப் பாத்தாங்க, முள்ளுக்கம்பிக்கு மியூசியம் வச்சிருக்கிற ஊரப் பாத்தாங்க, ஜெயிலு மட்டும் நிக்குது ஊரக் காணோம்ங்கிற ஊரையும் எறங்கி நின்னு போட்டோ எடுத்தாங்க. புளியோதர தீந்துச்சு, தயிர்சாதம் புளிச்சுது, இட்லிப் பொடி மட்டும் மிச்சம். காருக்குள்ள வழி சொல்ற பொம்பள ஒருத்தி இருக்காளே, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி, அவளே கொழம்பிப் போயி, "முடிந்தால் திரும்பிச் செல்லவும்"னா. அவ கெடக்கான்னு ஆவுடையப்பன் நேரா விட்டாரு. அப்பத்தான் சாயங்கால வெயில்ல டில்டாங்கிற ஊரு வந்துச்சு.

சின்ன ஊரு. மொதல்ல ஒரு கல்லற மைதானம், மரவேலி போட்டு. அதத் தாண்டி பச்சப் போர்டுல பேரு. ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச்சு, ஒரு சாப்பாட்டுக் கிளப்புக்கடயும் அதோட ஒட்டின லாட்ஜும், ரெண்டு தெருவுல வீடுக. லாட்ஜுக்கும் கிளப்புக்கடைக்கும் ஒரே மொதலாளியம்மா, லவேர்ன்னு பேரு. தும்பப்பூ மாதிரி நரச்ச முடி, கை ரெண்டும் மாவாட்டுன கை மாதிரி திண்ணுன்னு இருக்கும். வாயத் தொறந்தா எல்லாரும் "ஹனி"தான், போலீஸ்காரனும் ஹனி, பூனையும் ஹனி. பேசுறது இங்கிலீசு, ஆனா அந்த இழுவையும் அந்த நக்கலும் செண்பகத்துக்குக் கோவில்பட்டி பஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவங்க ரெண்டு பேரும் கறி திங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் லவேர்ன் மொகம் வாடிப் போச்சு. உள்ள போயி, பீச் பழத்த வச்சு மூடிச் சுட்ட பைங்கிற பலகாரம் ஒண்ண, முழுசா, கண்ணாடிப் பாத்திரத்தோட கொண்டாந்து கையில குடுத்துட்டா. பாத்திரத்துக்கு அடியில வெள்ள டேப்பு ஒட்டி "லவேர்ன்"னு எழுதியிருந்துச்சு.

"தின்னுட்டுப் பாத்திரத்தக் குடுத்துரணும் ஹனி. எம் பாத்திரம் எங்க போனாலும் வந்துரும், இது வரைக்கும் ஒண்ணு தொலஞ்சதில்ல."

அந்த ஊரு வழக்கம் அது. பாத்திரத்தக் கழுவித் தொடச்சுக் குடுத்தாப் போதும். ஆனா நம்ம வழக்கம் வேறல்ல?

மறுநா காலையில ஆவுடையப்பன் பாத்திரத்தக் கழுவித் தொடச்சு எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனாரு. செண்பகம் குறுக்க நின்னா.

"எங்க போறீங்க, வெறும் பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு?"

"குடுக்கத்தான்."

"வெறும் பாத்திரத்தையா? ஒருத்தங்க முழுப் பலகாரத்தோட குடுத்தத, நாம காலிப் பாத்திரமாத் திருப்பிக் குடுக்குறதா? ஒரு பழமாவது வச்சுக் குடுக்க வேணாமா?"

"ஏட்டி, அந்தம்மா ஓட்டல் வச்சிருக்கு. ஓட்டல்காரிக்கு யாராவது சாப்பாடு குடுத்துவிடுவாங்களா? திருப்பதியில போயி லட்டு விப்பியா நீ?"

"லட்டு விக்கச் சொல்லல. வெறுங்கையோட நிக்காதீங்கன்னு சொல்றேன்."

"இங்க என்னத்த வைக்க? இட்லிப் பொடி வைக்கட்டா?"

அங்கதான் செண்பகம் அந்த வார்த்தய விட்டா. "ஒத்தப் பாத்திரத்த நெறைக்கத் துப்பில்ல, ஒருத்தனும் போகாத ஊரக் கண்டுபிடிக்க வந்துட்டாராம்."

ஆவுடையப்பன் பாத்திரத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "நெறச்சுட்டு வரேன். நெறைக்காம இந்த ஊருப் பக்கம் தல வச்சும் படுக்க மாட்டேன்"னு சொல்லிட்டுக் காரை எடுத்துக்கிட்டு, கல்லறயத் தாண்டி, வந்த வழியிலயே புழுதியக் கெளப்பிட்டுப் போயிட்டாரு.

அவரு சக்கர மாத்திர இவ கைப்பையில இருந்துச்சு.

உச்சிவெயில் வரைக்கும் வரல. கிளப்புக்கட வாசல்ல இரும்புல முக்கோணமா ஒரு சாப்பாட்டு மணி தொங்கும், லவேர்ன் வந்து அத ஒரு கம்பியால கடகடன்னு அடிச்சா. அடிச்சதும் பங்குல இருந்தவன் பங்கப் பூட்டிட்டு வந்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வந்துச்சுக, ஊருக்கு வெளிய காட்டுல மாட்டப் பாத்துக்கிட்டிருந்தவன்கூடக் குதிரைய அடிச்சு வெரட்டிக்கிட்டு ஓடி வந்து பச்சப் போர்டத் தாண்டினதும்தான் மூச்சு விட்டான். எல்லாரும் உக்காந்து வயிறு முட்டத் தின்னாங்க. செண்பகமும் கோவத்துல உருளக்கெழங்கும் ரொட்டியுமா ரெண்டாள் சாப்பாடு சாப்பிட்டா. கோவம் வந்தா அவளுக்குப் பசிக்கும். தின்னு முடிச்சதும் ஊரே கண்ணசந்துச்சு. லாட்ஜு வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேர், அதுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருந்த செண்பகமும் அப்படியே தலையச் சாச்சுட்டா.

முழிச்சுப் பாத்தா, சேர் இருக்கு, லாட்ஜு இருக்கு, பச்சப் போர்டு இருக்கு. எதுத்தாப்புல இருந்த மொட்ட மலையக் காணோம். அந்த எடத்துல உப்பளம் மாதிரி வெள்ள வெளேர்னு ஒரு தரவை கெடக்கு. கல்லறயக் காணோம்.

லவேர்ன் வாசல் கூட்டிக்கிட்டிருந்தா.

"இங்க இருந்த மல எங்க?"ன்னு கேட்டா செண்பகம்.

"மல அங்கதான் இருக்கும் ஹனி, அது எங்க போகும்? நாமதான் வந்துட்டோம்"னா லவேர்ன், கூட்டுறத நிறுத்தாம.

வேற ஒண்ணுமில்ல. டில்டா மத்தியானத் தூக்கத்துல பொரண்டு படுக்கும். சில நாளு சும்மா கெடக்கும், சில நாளு பொரளும், பொரண்டா ஒரு மல தாண்டியோ ரெண்டு மல தாண்டியோ போயிக் கெடக்கும். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. நீங்க ஏன் பொரண்டு படுக்குறீங்கன்னு உங்களக் கேட்டாச் சொல்லத் தெரியுமா? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேன்னு செண்பகம் கேட்டதுக்கு, "தண்ணி நனைக்கும்னு ஆத்தங்கரையில போர்டா வைக்கிறாங்க?"ன்னா லவேர்ன்.

ஊரு பொரளப் பொரள ஊருக்காரங்க அதுக்குத் தக்கன வாழப் பழகிக்கிட்டாங்க. கெணறும் கூடவே வந்துரும், கெணறு எப்படிங்க வரும்னு கேக்காதீங்க, வரும், தண்ணி மட்டும் எடத்துக்கு எடம் ருசி மாறும், அன்னன்னைக்குக் காப்பியக் குடிச்சுப் பாத்துத்தான் எந்தப் பக்கம் வந்திருக்கோம்னு கண்டுபிடிப்பாங்க. தபால்காரன் அவன் பாட்டுக்கு ரோட்டுல வருவான், ஊரு இருந்தாக் குடுப்பான், இல்லேன்னா எதுத்தாப்புல வர்ற லாரிக்காரன்கிட்டக் குடுத்துட்டுப் போவான், லாரிக்காரனுக எல்லாரும் ரேடியோவுல "இன்னைக்கு டில்டா எங்க?"ன்னு கேட்டுக்கிட்டேதான் காப்பி குடிக்க வருவானுக. ரெண்டு ஜில்லாப் போலீசும் அது உன் ஊரு, இல்ல உன் ஊருன்னு கையக் கழுவிட்டதால ஊருல திருட்டே கெடையாது, திருடினா எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்னு திருடனுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஃபுட்பால் ஆடினா அது சொந்த ஊரு ஆட்டமா வெளியூரு ஆட்டமான்னு எந்த ரெஃபரியாலயும் சொல்ல முடியல, அதனால எப்பவும் கை தட்டுறவன் யாருமில்லாமயே ஜெயிப்பானுக. பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு புரொபசரு மெஷினெல்லாம் கொண்டு வந்து, ஊரு நகரும்போது கண்ணால பாத்துத்தான் போவேன்னு உக்காந்தாரு, லவேர்ன் அவருக்குக் கறிய அரச்சுச் சுட்டதுல ரெண்டு துண்டு வச்சா, குறட்ட விட்டுட்டாரு. பொரளும்போது ஊருல முழிச்சிருந்தவன் ஒருத்தனும் கெடையாது. செத்தவங்க மட்டும் பொரள மாட்டாங்க. கல்லற அங்கயே கெடக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பூவ எடுத்துக்கிட்டுச் சொந்தக்காரங்க கல்லறயத் தேடிக் கார்ல கெளம்புவாங்க, கண்டுபிடிச்சா வைப்பாங்க, கண்டுபிடிக்கலேன்னா அந்தப் பூவ வழியில எவனாவது ஒருத்தன் கல்லறயில வச்சுட்டு வந்துருவாங்க.

"எங்க வீட்டுக்காரரு வெளிய இருக்காருங்க"ன்னா செண்பகம்.

"அடடா, மாட்டிக்கிட்டாரா? ஆகும் ஹனி, ஆகும். எல்லாருக்கும் வெளிய ஒருத்தர் உண்டு. காப்பி போடட்டா?"

செண்பகம் போன எடுத்துப் பாத்தா, சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. பெட்ரோல் பங்கு வச்சிருந்த கிளைடு, ஒல்லியா, தொப்பிக்குள்ள பாதி மொகம் ஒளிஞ்சிருக்கிற மனுசன், அவரு தன் டிரக்குல இவள ஏத்திக்கிட்டு, ரேடியோவ எடுத்து எல்லா லாரிக்கும் சொன்னாரு. "வெள்ளிக் கலர் காரு. உள்ள ஒரு இந்தியாக்காரரு. கோவமா இருப்பாரு."

"கோவம் இந்நேரம் போயிருக்கும். பசியா இருப்பாருன்னு சொல்லுங்க"ன்னா செண்பகம்.

"பசியா இருப்பாரு"ன்னு கிளைடு ரேடியோவுல திருத்தினாரு.

பொழுது சாயிற வரைக்கும் சுத்தினாங்க. காலையில எங்க இருந்தோம்னு கேட்டா கிளைடுக்குச் சொல்லத் தெரியல. அந்த ஊருல அதெல்லாம் யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல, தூங்கி எந்திரிச்சவன் எந்தப் பக்கமா ஒருக்களிச்சிருந்தோம்னு யோசிச்சுக்கிட்டா இருப்பான்?

"உங்களுக்கும் வெளிய யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டா செண்பகம்.

"டோரீன். எம் பொண்டாட்டி. தொப்பி வாங்கப் போனா." கிளைடு ஸ்டியரிங்கயே பாத்துக்கிட்டிருந்தாரு. "மணி அடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்னுதான் போனா. நல்ல தொப்பி கெடச்சிருக்காது, அவ லேசுல திருப்திப்பட மாட்டா."

"எப்பப் போனாங்க?"

"நான் இன்னும் கட்டில்ல அவ பக்கம் படுக்குறதில்ல"ன்னாரு கிளைடு. கேட்டதுக்குப் பதில் அதுதான்.

திரும்பி வந்து அந்தப் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா செண்பகம். அவளுக்கு ஒரு கொழப்பம். கல்யாணமான புதுசுல திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக் கூட்டத்துல ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாங்க, தொலஞ்சவங்க தொலஞ்ச எடத்துலயே நிக்கணும், மத்தவங்க தேடி வரணும், ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேருமே தொலஞ்சு போவோம்னு. இத்தன வருசமா, கடையில, ஏர்போர்ட்டுல, எங்க தொலஞ்சாலும் அந்தச் சட்டந்தான். சரி, இப்பத் தொலஞ்சது யாரு? நானா? நான் எங்க தொலஞ்சேன், சேரு மேலயே இருக்கேன். அவரா? அவரு போறேன்னு சொல்லிட்டு ரோட்டுல போனவரு, திரும்பி அதே ரோட்டுல அதே எடத்துக்குத்தான் வந்திருப்பாரு. அவரு நகரல. நானும் நகரல. அப்ப அவரு, அவதான் தொலஞ்சுட்டா, தேடி வர்றது எங் கடமைன்னு நெனப்பாரா, இல்ல நாந்தான் தொலஞ்சுட்டேன்னு நின்ன எடத்துலயே நிப்பாரா? நெறைக்காம தல வச்சும் படுக்க மாட்டேன்னாரே, நெறச்சாரா? நெறைக்கலேன்னா வீம்புக்கு வராமலே இருந்துருவாரா? மாத்திர போடலேன்னா காலு மரத்துப் போகுமே மனுசனுக்கு. எந்தப் பக்கம் யோசிச்சாலும் சுத்திச் சுத்தி அந்தச் சேருக்கே வந்து நின்னுச்சு யோசன. அந்த ஊருல தங்கினா யோசனயும் அப்படித்தான் ஆகும்போல.

மறுநா மணி அடிச்சுது. எல்லாரும் வந்தாங்க, உக்காந்தாங்க. லவேர்ன் செண்பகத்துக்குன்னு தனியா மொச்சப்பயறு வேக வச்சு, மேல வெண்ணெய் போட்டுக் கொண்டாந்தா.

"வேணாம்மா. அவரு சாப்பிட்டாரோ இல்லியோ, எனக்கு எறங்காது."

"சாப்பிடலேன்னாத் தூக்கம் வராதே ஹனி."

"வராட்டிப் போகட்டும்."

அப்படித்தான், டில்டாவுல மொதமொதலா ஒரு ஆளு முழிச்சிருந்துச்சு. ஊரே படுத்துருச்சு. காப்பி குடிக்க வந்த போலீஸ்காரன் பெஞ்சுல, பிள்ளைக பள்ளிக்கூடத் தரையில, பூன அடுப்படியில, கிளைடு கட்டில்ல தன் பக்கமா மட்டும். செண்பகம் பச்சப் போர்டு பக்கமா நடந்து போனா. தரையில செருப்பில்லாமக் கால வச்சதும் அவளுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. தர மெல்ல ஏறி மெல்ல எறங்குது. எங்கயோ ஆழத்துல இருந்து ஒரு சத்தம், கர்ர்ன்னு ஆரம்பிச்சு, மேல ஏறி, ஒரு கட்டத்துல நின்னு, செத்தானா பொழச்சானான்னு நம்மளப் பதற வச்சு, அப்புறம் புஸ்ஸுன்னு எறங்குற சத்தம்.

"இந்தக் கூத்தா?"ன்னா செண்பகம்.

ஏன்னா அவளுக்கு இது தெரிஞ்ச வேல. ஆவுடையப்பன் குறட்ட விட்டா ஜன்னல் கதவு ஆடும். மனுசன எழுப்பினா அப்புறம் தூங்க மாட்டாரு, எழுப்பாம விட்டா இவ தூங்க முடியாது. அதுக்குன்னு ஒரு பக்குவம் வச்சிருக்கா. தோளுக்கு அடியில கைய விடணும், விரலால இல்ல, உள்ளங்கையால. மூச்சு உள்ள போகும்போது தள்ளக் கூடாது, வெளிய விடும்போது தள்ளணும். தள்ளும்போது காதுகிட்டக் குனிஞ்சு, அதட்டாம, கெஞ்சாம, "ம்ம்... அங்கிட்டு"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். முழிக்காமலே பொரண்டுருவாரு, மறுநா கேட்டா நானா பொரண்டேன்ம்பாரு.

தர லேசா எழும்ப ஆரம்பிச்சுச்சு. இன்னும் தூரமாப் போகப் போகுதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு, இதே பக்கமா இன்னொரு பொரளு பொரண்டா அப்புறம் ஆவுடையப்பன் டோரீன் மாதிரிதான். பச்சப் போர்டு பக்கத்துல மண்டி போட்டா. ரோட்டோரத்து மண்ணுல உள்ளங்கைய விட்டா, சூடா இருந்துச்சு, ஆளு ஒடம்புச் சூடு. மூச்சு உள்ள போச்சு. காத்திருந்தா. மூச்சு நின்னுச்சு. காத்திருந்தா. புஸ்ஸுன்னு எறங்குனப்போ, ஒரு தள்ளு.

"ம்ம்... அங்கிட்டு."

டில்டா ஒரு முனகு முனகிட்டு, அங்கிட்டுப் பொரண்டுச்சு.

சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. ரயில் ஜன்னல்ல பாக்குற மாதிரி வெள்ளத் தரவை பின்னால போச்சு, ஒரு மல போச்சு, கம்பத்துமேல உக்காந்திருந்த கழுகு ஒண்ணு தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, வேலி ஓரம் நின்ன மாடு ஒண்ணு ஊரையே பாத்துக்கிட்டு அச போட்டுச்சு. அப்புறம் பழைய மொட்ட மல வந்துச்சு. அடுத்தாப்புல மரவேலி. மரவேலிக்குள்ள கல்லற. வேலி ஓரத்துல ஒரு வெள்ளிக் கலர் காரு. காரு நெழல்ல ஒரு மனுசன், மடியில கண்ணாடிப் பாத்திரம், அதுமேல கர்ச்சீப்பு போத்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு.

செண்பகம் ஓடல. முட்டியில இருந்த மண்ணத் தட்டிட்டு நடந்துதான் போனா, ஆனா கைப்பையத் தொறந்துக்கிட்டே போனா.

"எங்கட்டி போயிட்ட?"ன்னாரு ஆவுடையப்பன். ஒதடு வெடிச்சுக் கெடந்துச்சு.

"நான் எங்க போனேன்? வாசல்ல அந்தச் சேருமேலதான் உக்காந்திருந்தேன். நீங்க எங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? இங்கனதான் இருக்கேன். வந்து பாத்தா ஊரக் காணோம், அந்த வழி சொல்ற பொம்பள வெட்டவெளியக் காட்டி, வந்து சேர்ந்துவிட்டீர்கள்னு வாழ்த்துறா. லாரிக்காரன் ஒருத்தன் நிறுத்தினான். நீங்க பசியா இருக்கிற இந்தியாக்காரரான்னு கேட்டு, ஏறுங்கன்னான். நான் ஏறல. தொலஞ்சது நீயா நானான்னு தெரியாம எப்படிட்டி ஏறுறது?"

"சரி, மொதல்ல வாயத் தொறங்க." மாத்திரய உள்ள போட்டுத் தண்ணி பாட்டில வாயில வச்சா. "என்ன தின்னீங்க?"

"இட்லிப் பொடி."

"வெறும் பொடியா?"

"வெறும் பொடிதான்."

கர்ச்சீப்ப எடுத்துப் பாத்தா. பாத்திரம் நெறய வாழப்பழம், வெயில்ல கறுத்துக் கன்னிப் போயி, வெத்தலைக்குப் பதிலா சாலட்டுக்குப் போடுற எல ரெண்டு, அதுவும் சுருண்டு, நடுவுல பாக்குக்குப் பதிலா ஒரு பொட்டணம் வறுத்த பாதாம்.

"ராத்திரி பூராப் பட்டினி கெடந்து இது கையில இருந்தும் தின்னலியா?"

"அது அந்தம்மாவுக்குன்னு வாங்கினதுல்ல"ன்னாரு அவரு. அப்புறம் ஒதட்டத் தொடச்சுக்கிட்டு, "நெறஞ்சிருக்கா பாரு. துப்பிருக்கா இல்லியா சொல்லு"ன்னாரு.

செண்பகம் பக்கத்துல உக்காந்து அவரு தோள்மேல கைய வச்சா. உள்ளங்கைய.

ஊரு முழிச்சுச்சு. பழைய எடத்துலயே இருக்கோம்னு காப்பியக் குடிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க. லவேர்ன் பாத்திரத்த வாங்கி உள்ள பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவ பாத்திரம் எங்க எங்கயோ போயிட்டு வந்திருக்கு, கழுவி வந்திருக்கு, கீறல் விழுந்து வந்திருக்கு, நெறஞ்சு வந்ததில்ல. ஊருல ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டுக் காமிச்சா, எல்லாரும் தொப்பியக் கழட்டிட்டுப் பாத்தாங்க, கறுத்த பழத்துல ஆளுக்குப் பாதி தின்னாங்க, அந்தச் சுருண்ட எலையக்கூட விடல. அப்புறம் லவேர்ன் உள்ள போனா. திரும்பி வரும்போது அதே பாத்திரம், உள்ள ஆவி பறக்கப் பீச் பை.

"வெறும் பாத்திரத்தோட அனுப்பினா நல்லாவா இருக்கும் ஹனி?"

ஆவுடையப்பன் செண்பகத்தப் பாத்தாரு. செண்பகம் வானத்தப் பாத்தா.

காரு கெளம்புற நேரத்துல கிளைடு வந்து ஜன்னல் பக்கம் நின்னாரு. "முழிச்சுக்கிட்டு என்னமோ செஞ்சீங்களாமே"ன்னு கேட்டு, அதுக்கு மேல கேக்கத் தெரியாம நின்னாரு. செண்பகம் கீழ எறங்கினா. அவரு உள்ளங்கையப் பிடிச்சு விரிச்சு, மண்ணுல வச்சு, மூச்சு எப்பப் போகும் எப்ப வரும்னு காமிச்சுக் குடுத்தா. "விரலால தள்ளாதீங்க, முழிச்சுக்கும். டோரீன் எந்தப் பக்கமாப் போனாங்களோ அந்தப் பக்கமாத் தள்ளுங்க. அதட்டக் கூடாது. கெஞ்சவும் கூடாது."

"என்ன சொல்லணும்?"

"உங்க பொண்டாட்டி குறட்ட விட்டா என்ன சொல்லுவீங்களோ அதான்."

கிளைடு யோசிச்சாரு. "நான் ஒண்ணும் சொன்னதில்லியே. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்"னாரு.

"அப்ப அதையே சொல்லுங்க"ன்னா செண்பகம்.

அதுக்கப்புறம் அந்த மனுசன் மத்தியானச் சாப்பாட்ட விட்டுட்டாரு.

இவங்க வீடு வந்து சேந்தாங்க. வேலைக்குப் போனாங்க, வந்தாங்க. பை தீந்துச்சு. கண்ணாடிப் பாத்திரம் கழுவித் தொடச்சு அடுப்படி அலமாரியில ஒக்காந்திருந்துச்சு. பார்சல் பண்ணலாம்னா எந்த விலாசத்துக்கு? நேர்ல போலாம்னா எந்த எடத்துக்கு? அது போக, வெறும் பாத்திரத்தையா? அடுத்த வாரம், அடுத்த லீவுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. பாத்திரத்தப் பாக்குறப்பல்லாம் ரெண்டு பேரும் மொகத்தத் திருப்பிக்குவாங்க.

ஒரு சனிக்கெழம மத்தியானம், வத்தக்கொழம்பும் அப்பளமுமாத் தின்னுட்டு ரெண்டு பேரும் கண்ணசந்துட்டாங்க. செண்பகந்தான் மொதல்ல முழிச்சா. ஜன்னல் பக்கம் வெளிச்சம் வேற மாதிரி இருந்துச்சு, மழ பேஞ்ச பாலைவனத்துச் செடி வாசனயும் வந்துச்சு. திரையத் தள்ளிப் பாத்தா. எதுத்த பார்க்கு இருந்த எடத்துல பச்சப் போர்டு நிக்குது. பக்கத்து வீட்டு மிஸ்டர் ஆல்வரெஸ் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, பெட்ரோல் பங்க இங்க பார்க் பண்ணக் கூடாதுன்னு யார்கிட்டயோ கத்திக்கிட்டிருக்காரு. பங்கு வாசல்ல கிளைடு. கிளைடு பக்கத்துல ஒரு அம்மா, தலையில புத்தம்புதுத் தொப்பி, சுத்தின பிளாஸ்டிக் உறையக்கூட இன்னும் பிரிக்கல, கண்ணாடியில பாத்துப் பாத்து இன்னும் திருப்தி இல்லாத மாதிரி சரி பண்ணிக்கிட்டிருக்கா. லவேர்ன் கைய மாவுத்துணியில தொடச்சுக்கிட்டு இவங்க வீட்டு நம்பரப் பாத்துக்கிட்டு ரோட்டக் கடக்குறா.

செண்பகம் அலமாரியத் தொறந்தா. பாத்திரத்த எடுத்தா. உள்ள பாத்தா. அப்புறம் படுக்கற ரூமுக்கு ஓடி, குறட்ட விட்டுக்கிட்டிருந்த மனுசன, இந்தத் தடவ பக்குவம் கிக்குவம் ஒண்ணும் பாக்காம, ரெண்டு கையாலயும் உலுக்கினா.

"ஏங்க, எந்திரிங்க! வீட்டுல சேமியா இருக்கா?"